அந்த 25 நாள கணக்குல விட்டுட்டீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். எந்த யுத்தத்துக்கும் நியாயம் கெடையாது, துப்பாக்கி தூக்குன நிமிஷமே ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடுதுன்னு எழுதியிருந்தாரு. நல்ல மனசோட எழுதுனதுதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. அதுக்கப்புறம் புதன்கெழம வாசகர் கடிதத்துல பதில் வந்துச்சு பாருங்க, ஒருத்தர் அடிச்சு தரைமட்டம் ஆக்கணும்ங்குறாரு, இன்னொருத்தர் அகிம்சை பேசுறவங்கள எல்லாம் பார்டர்ல கொண்டு போய் நிக்க வைக்கணும்ங்குறாரு. அவங்களுக்கு பதில் எழுதற அளவுக்கு எனக்கு வயசும் பொறுமையும் இல்ல. ஆனா கட்டுரைல ஒரு வரி இருந்துச்சு, அதுதான் ராத்திரி எல்லாம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அமைதி வழிய முழுசா முயற்சி பண்ணி பாக்காமலே ஜனங்க ஆயுதத்துக்கு போயிடுறாங்க, 1971 வங்காளதேசம் உட்படன்னு ஒரு வரி. சார், அந்த 'உட்பட' தப்பு.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. எங்கப்பா போஸ்ட்மேன், வேலூர் பக்கம் ஒரு ஊரு. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒரு ஆளு மிலிட்டரின்னு சொல்றது சும்மா பேச்சு இல்ல, கம்மவான்பேட்டை மாதிரி ஊர் எல்லாம் அந்தப் பேராலயே தெரியும். எங்கம்மாவோட தம்பி, என் மாமா, மெட்ராஸ் சாப்பர்ஸ்ல, அதாவது ராணுவத்துல பாலம் போடற, கண்ணிவெடி எடுக்கற பிரிவுல இருந்தாரு. 1971ல எனக்கு 11 வயசு. அந்த வருஷம் நவம்பர்ல இருந்து கவர் போடணும்னா வழக்கமான ஸ்டாம்போட கூட ஒரு அஞ்சு பைசா ஸ்டாம்பு ஒட்டணும்னு ரூல் வந்துச்சு, அகதிங்க நிவாரணத்துக்குன்னு. ஊர்ல எல்லாரும் அப்பாகிட்டதான் சண்டைக்கு வருவாங்க, எங்கயோ வங்காளத்துல நடக்கறதுக்கு நான் எதுக்கு அஞ்சு பைசா குடுக்கணும்னு. அந்த அஞ்சு பைசாவுக்கு பின்னால என்ன இருந்துச்சுன்னு எனக்கு தெரிய ரொம்ப வருஷம் ஆச்சு. ரிட்டயர் ஆனப்புறம்தான் தேடித் தேடி படிச்சேன்.

1970 டிசம்பர்ல பாகிஸ்தான்ல எலெக்‌ஷன் நடந்துச்சு. கிழக்கு பாகிஸ்தான்ல, அதாவது இப்ப இருக்கற வங்காளதேசத்துல, இருந்த 162 பொதுத் தொகுதில 160ஐ ஷேக் முஜிபுரோட அவாமி லீக் ஜெயிச்சுது. மொத்த பார்லிமென்டே 300 பொதுத் தொகுதிதான், அப்ப யாரு பிரதமர் ஆகணும்னு சின்னப் பையனுக்கும் தெரியும். மார்ச் 3 கூடவேண்டிய சபைய மார்ச் 1ஆம் தேதி ராணுவ ஆட்சி நடத்துன ஜனாதிபதி யாஹ்யா கான் தள்ளி வச்சாரு. அதுக்கு அந்த ஜனங்க என்ன பண்ணாங்க? துப்பாக்கியா தூக்குனாங்க? ஒத்துழையாமை. ஆபீஸ், கோர்ட்டு, பேங்கு, ரேடியோ எல்லாம் முஜிபுர் வீட்டுல இருந்து வர்ற உத்தரவத்தான் கேட்டுச்சு. கவர்னரா வந்து எறங்குன டிக்கா கானுக்கு பதவிப் பிரமாணம் செஞ்சு வைக்க டாக்கா ஹைகோர்ட் தலைமை நீதிபதி மாட்டேன்னுட்டாரு. கண்டோன்மென்டுக்கு காய்கறி விக்க ஆளு இல்ல. ஒரு தேசமே சர்க்காருக்கு கை குடுக்கலன்னா என்ன ஆகும்னு காந்தி சொன்னத அவங்க செஞ்சே காட்டுனாங்க, மார்ச் 1ல இருந்து 25 வரைக்கும், இருபத்தஞ்சு நாளு. அந்த நாள்ல ரத்தமே வரலன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆர்மி கூட்டத்து மேல சுட்டுச்சு, அங்க இருந்த உருது பேசுற பீகாரிங்கள சில ஊர்ல அடிச்சும் கொன்னாங்க. ஆனா தலைமை சொன்னது ஒத்துழையாமை, பெருவாரியான ஜனம் செஞ்சதும் அதுதான்.

மார்ச் 25 ராத்திரி அதுக்கு பதில் வந்துச்சு. டாக்கா யூனிவர்சிட்டிக்குள்ள பாகிஸ்தான் ஆர்மி டாங்கி. பசங்க தங்கியிருந்த ஜகன்னாத் ஹால், இக்பால் ஹால். ஜி.சி.தேவ்னு ஒரு தத்துவப் பேராசிரியர், அவர வீட்டுலயே சுட்டாங்க. இத எல்லாம் இந்தியாக்காரன் சொன்னான்னு நினைச்சிடாதீங்க, டாக்கால இருந்த அமெரிக்க கான்சல் ஜெனரல் ஆர்ச்சர் பிளட், தன் சொந்த கவர்மென்டு வாய மூடிக்கிட்டு இருக்கறத கண்டிச்சு ஏப்ரல் 6ஆம் தேதி வாஷிங்டனுக்கு தந்தி அடிச்சாரு, அவர் ஆபீஸ் ஆளுங்க 20 பேரு அதுல கையெழுத்து போட்டாங்க. கராச்சில இருந்த அந்தோணி மஸ்கரேனஸ்னு ஒரு பத்திரிகைக்காரர ஆர்மியே கூட்டிட்டு போய் எல்லாம் அமைதியா இருக்குன்னு எழுத சொல்லி சுத்தி காட்டுச்சு, அவரு பாத்தத எழுதறதுக்காக முதல்ல குடும்பத்த லண்டனுக்கு அனுப்பிட்டு அப்புறம் தானும் தப்பிச்சு போய் ஜூன் 13 சண்டே டைம்ஸ்ல 'இனப்படுகொலை'ன்னு தலைப்பு போட்டு எழுதுனாரு. எத்தன பேரு செத்தாங்கன்னு இன்னைக்கும் சண்டை, வங்காளதேச அரசு 30 லட்சம்ங்குது, 3 லட்சம்னு சொல்ற ஆராய்ச்சியாளரும் இருக்காங்க. 3 லட்சம்னே வச்சுக்குவோம் சார், கொறஞ்சுடுமா?

கட்டுரையாளர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். மார்ச் 26 காலைல அந்த ஜனங்க இன்னும் என்ன அமைதி வழி பாக்கி வச்சிருந்தாங்க?

இங்க காந்திய இழுக்காம இருக்க முடியாது. காந்தி ஒரே மாதிரி பேசுன ஆளு இல்ல, அத மறைச்சு சிலை மட்டும் வைக்கறோம். 1918ல கேடா ஜில்லால ஊர் ஊரா நடந்து பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேத்தவரு அவரு. 1920ல, கோழைத்தனமா வன்முறையான்னு ரெண்டே வழிதான் இருக்குன்னா வன்முறையத்தான் சொல்லுவேன்னு எழுதுனாரு. அப்புறம் 1938ல ஜெர்மனில யூதருங்களுக்கும், 1940ல ஹிட்லர் குண்டு போட வர்ற நேரத்துல பிரிட்டிஷ்காரனுக்கும், ஆயுதம் வேணாம், சத்தியாகிரகம் பண்ணுங்கன்னாரு. திரும்ப 1947 அக்டோபர்ல காஷ்மீருக்கு பட்டாளம் பிளேன்ல போனப்ப அத அவரு தடுக்கல. அவரக் கொற சொல்ல இத எழுதல, அவருக்கே அது சுலபமா இல்லன்னு சொல்ல வரேன். ஜெயப்பிரகாஷ் நாராயணன எடுத்துக்குங்க, சர்வோதயத்துக்கு வாழ்க்கையவே குடுத்தவரு, 1971ல ஊர் ஊரா நாடு நாடா போய் வங்காளதேசத்த அங்கீகாரம் பண்ணுங்க, அந்த ஜனங்கள காப்பாத்துங்கன்னு கத்துனவரு அவருதான். காந்தியவாதி ஒருத்தர் அந்த முடிவுக்கு எப்படி வந்தாரு? அத பத்தி கட்டுரைல ஒரு வார்த்த இல்ல.

எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. என்ன ஒருத்தன் அடிக்கறான், நான் திருப்பி அடிக்க மாட்டேன்னு நிக்கறது என் இஷ்டம், அது பெரிய மனசு. ஆனா பக்கத்து வீட்டுல ஒரு பொண்ண போட்டு அடிக்கறான், நான் கதவ சாத்திக்கிட்டு உள்ள இருந்து அகிம்சைன்னா, அந்த விரதத்துக்கு வலி தாங்குறது யாரு? அந்தப் பொண்ணு. வள்ளுவர் கொல்லாமைய எங்க வச்சிருக்காரு பாருங்க, துறவறவியல்ல. படைமாட்சிய வச்சது பொருட்பால்ல, ஒரு நாட்ட பொறுப்பா பாத்துக்கறவனுக்கு. தன் உயிர் போனாலும் அடுத்த உயிர எடுக்காதேன்னு சொன்ன அதே மனுஷன்தான் படைக்கும் பத்து குறள் எழுதுனாரு, மறந்து போயா எழுதுனாரு?

1994ல ருவாண்டால என்ன நடந்துச்சு? அங்க ஏற்கனவே ஐ.நா. படை ரெண்டாயிரத்து சொச்சம் பேரு இருந்தாங்க. கொலை ஆரம்பிச்சதும் கூட ஆளு அனுப்பறதுக்கு பதிலா 270 பேரா கொறைக்கச் சொல்லி ஏப்ரல் 21 தீர்மானம் போட்டாங்க. நூறு நாள்ல சுமார் 8 லட்சம் பேரு, பாதிக்கு மேல வெட்டுக்கத்தியாலயும் தடியாலயும். கொலை உச்சத்துல இருந்த முதல் வாரங்கள்ல அத தடுக்க வெளிநாட்டுப் படை எதுவும் துப்பாக்கியோட குறுக்க போகல, அதனால யாரு கையும் கறை ஆகலன்னு சொல்லிக்கலாம்.

சரி, இப்ப அந்தப் பக்கம் வரேன், ஏன்னா இந்த லெட்டர பாதி படிச்சிட்டு புதன்கெழம கடிதக்காரங்க கை தட்டிக்கிட்டு இருப்பாங்க.

1971ல இந்தியா போனது சரின்னு நான் நம்பறேன். ஆனா அத ஒரு புண்ணிய காரியம் மாதிரி பேச எனக்கு வாய் வரல. முதல் விஷயம், நாம ஒண்ணும் இரக்கத்துல மட்டும் போகல. ஒரு கோடி அகதிங்க வந்துட்டாங்க, திரிபுராவோட ஜனத்தொகையே 15 லட்சம்தான், கிட்டத்தட்ட அதே அளவு அகதி அங்க வந்து நின்னான். கல்கத்தா சால்ட் லேக்ல சாக்கடைக்கு போட வச்சிருந்த பெரிய சிமென்ட் குழாய்க்குள்ள குடும்பம் நடத்துனாங்க, காலரா வந்து செத்தாங்க. தாங்க முடியல. கூடவே பாகிஸ்தான ரெண்டா ஒடைக்கறதுல நமக்கு லாபம், அத யாரும் மறைக்க வேணாம். ஏப்ரல்லயே போக முடியுமான்னு நம்ம ராணுவத் தளபதி மானெக்‌ஷாவ கேட்டாங்க, அவரு மழைக்காலம் வருது, இப்ப போனா தோப்போம், டைம் குடுங்கன்னாரு. மிலிட்டரி கணக்குல அது சரி. ஆனா அந்த எட்டு மாசமும் அங்க கொலை நின்னுக்கிட்டா இருந்துச்சு? சரியான முடிவுக்குள்ளயும் இப்படி ஒரு கணக்கு இருக்கு, இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் ஒரு மாதிரி இருக்கும். டிசம்பர் 3 பாகிஸ்தான் நம்ம ஏர்பேஸ் மேல குண்டு போட்டதுதான் அதிகாரபூர்வமா ஆரம்பம், ஆனா நவம்பர் மூணாவது வாரத்துலயே நம்ம ஆளுங்க பார்டர் தாண்டியாச்சு.

உலகமும் நம்மள மெச்சிக்கல. டிசம்பர் 7 ஐ.நா. பொதுச்சபைல சண்டைய நிறுத்து, படைய வாபஸ் வாங்குன்னு தீர்மானம், 104 நாடு ஆதரவு, 11 நாடு எதிர்ப்பு. அமெரிக்கா என்டர்பிரைஸ் போர்க்கப்பல வங்காள விரிகுடாவுக்கு அனுப்புச்சு. நம்ம பக்கத்து வீட்டு சிலோன் கவர்மென்டு அந்த வருஷம் பாகிஸ்தான் பிளேன் கொழும்புல எறங்கி எண்ணெய் போட்டுக்க விட்டுச்சு, ஏன்னா இந்தியா மேல பறக்க அவங்களுக்கு தடை. 104 பேரு ஒரு பக்கம் கை தூக்கிட்டதாலயே அது நியாயம் ஆயிடாதுங்கறதுக்கு இதவிட உதாரணம் வேணுமா.

இன்னொரு விஷயம், இத யாருமே பேச மாட்டாங்க. டிசம்பர் 16 பாகிஸ்தான் படை சரண்டர், 93,000 பேரு கைதி, எல்லாரும் கொண்டாடுனாங்க. ரெண்டே நாள் கழிச்சு, 18ஆம் தேதி, டாக்கா ஸ்டேடியம் பக்கத்துல முக்தி பாஹினிங்கற வங்காள விடுதலைப் படையோட தலைவர்கள்ல ஒருத்தரான காதர் சித்திக்கியோட ஆளுங்க, கை கட்டி வச்சிருந்த ஆளுங்கள, ஜனங்க பாக்க, போட்டோக்காரங்க பாக்க, பயோனெட்டால குத்திக் கொன்னாங்க. அந்தப் போட்டோவுக்கு புலிட்சர் பரிசு கெடச்சுது. உருது பேசுனவங்க கேம்ப்ல அடைஞ்சு கெடந்தாங்க, டாக்கா முகமதுபூர் ஜெனிவா கேம்ப் இன்னைக்கும் இருக்கு. நியாயமான சண்டைக்குள்ளயே இது நடந்துச்சு. அதனால போனது தப்பாயிடுமா? ஆகாது. ஆனா போனது சரி, அதனால இதுவும் சரின்னு சொல்ல வந்தீங்கன்னா, மார்ச் 25 பத்தி பேசற யோக்யதை உங்களுக்கு இல்ல.

அப்ப எந்த யுத்தம் நியாயம்னு எப்படி கண்டுபுடிக்கறது? போகும்போது எல்லாரும் ஜனங்கள காப்பாத்தத்தான் போறோம்னு சொல்லுவாங்க, அத வச்சு ஒண்ணும் தெரியாது. நான் பாக்கறது திரும்பி வந்தாங்களாங்கறத. 1972 மார்ச் பாதிக்குள்ள நம்ம பட்டாளம் டாக்காவ விட்டு வந்துடுச்சு, மூணே மாசம். அதுக்குள்ள அகதிங்களும் பெரும்பாலும் ஊருக்கு போயிட்டாங்க. வியட்நாம் 1978 டிசம்பர்ல கம்போடியாக்குள்ள போச்சு, 1979 ஜனவரி 7 பொல்பாட் ஆட்சி முடிஞ்சுது, பதினேழு லட்சம் பேர கொன்ன ஆட்சி, அத நிறுத்துனது வியட்நாம்தான், சந்தேகமே இல்ல. ஆனா 1989 வரைக்கும் அங்கயே ஒக்காந்துக்கிட்டாங்க. அப்ப அந்த பத்து வருஷத்த எந்தக் கணக்குல எழுதறது? (ஐ.நா.வோ அத்தன வருஷமும் பொல்பாட் ஆளுங்களுக்கும், அப்புறம் அவங்க இருந்த கூட்டணிக்கும் சீட்ட குடுத்து வச்சிருந்துச்சு, அது வேற வயித்தெரிச்சல்.)

மாமா விஷயத்துக்கு வரேன். அவரு 71ல ஜெசோர் வழியா போனாராம். எந்தப் பக்கம் திரும்புனாலும் ஆறு, பாகிஸ்தான்காரன் போறப்ப பாலத்த எல்லாம் ஒடைச்சிட்டு போயிட்டான், இவங்க வேல பாலம் போடறது, கண்ணிவெடி எடுக்கறது. 99 ஏ.பி.ஓ.ன்னு ராணுவ தபால் அட்ரஸ் போட்டு இன்லேண்டு லெட்டர் வரும், எங்கப்பாவே எங்க வீட்டுக்கு கொண்டு வருவாரு. சண்டை நடந்த அந்த 13 நாளு அப்பா எந்தத் தெருவுல சைக்கிள திருப்புனாலும் பொம்பளைங்க வாசலுக்கு வந்துடுவாங்களாம், தந்தியா தபாலான்னு அவரு மூஞ்சிய பாத்து கண்டுபுடிக்க. மாமா அந்தக் கதைய சலிக்காம சொல்லுவாரு. போறப்ப ஊர் எல்லாம் காலி, நாய் மட்டும்தான் இருந்துச்சு, நாங்க போட்ட பாலத்து மேலயே ஜனவரில மூட்டை முடிச்சோட ஜனங்க திரும்பி வந்தாங்க, ஒரு கெழவி எங்க ஆபீசர் தலைய தடவி என்னமோ சொல்லுச்சு, எங்க எவனுக்கும் பெங்காலி தெரியாதுன்னு சிரிப்பாரு.

அதே மாமா 1987ல யாழ்ப்பாணம் போனாரு. அப்ப சுபேதார். ஜூலை 29 ராஜீவும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்து போட்டாங்க, அமைதிப் படைன்னு பேரு, எறங்குனப்ப அங்கயும் மாலைதான் போட்டாங்க. அக்டோபர்ல புலிகளோட சண்டை ஆரம்பிச்சுது. அக்டோபர் 21 யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள நடந்தது ஈழத்துத் தமிழங்க யாரும் மறக்கல, நம்ம பட்டாளம் உள்ள போனப்ப டாக்டர், நர்ஸ், நோயாளின்னு செத்தாங்க. நம்ம பக்கம் 1,200 பேரு கிட்ட செத்தாங்க, அதுல எங்க ஜில்லா பசங்களும் உண்டு. 1990 மார்ச் 24 கடைசி கப்பல் அங்க இருந்து கெளம்புச்சு, மெட்ராஸ்ல வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகல. மாமாவுக்கு அதுல கோவம்னு நாங்க நெனச்சோம். இல்லயாம், வராம இருந்ததே நல்லது, மாலை போட்டிருந்தா எங்க வாங்கி வைக்கறதுன்னு ஒரே ஒரு தடவ எங்கம்மாகிட்ட சொன்னாராம். யாழ்ப்பாணத்துல என்ன நடந்துச்சுன்னு அவரு சாகற வரைக்கும் எங்ககிட்ட பேசல. அங்க எல்லாருக்கும் அவரு பாஷை தெரியும், அவருக்கும் அவங்க பாஷை தெரியும்.

ஒரே பட்டாளம், ஒரே ஆளு, பதினாறு வருஷ வித்தியாசம். எல்லா யுத்தமும் ஒண்ணுதான்னு கட்டுரையாளர் சொன்னா நான் என் மாமாவோட முதல் கதைய சொல்லுவேன். நம்ம பட்டாளம் எங்க போனாலும் நியாயம்தான்னு புதன்கெழம கடிதக்காரர் சொன்னா, அவரு சொல்லாத ரெண்டாவது கதைய சொல்லுவேன். 87ல போனது ஆரம்பத்துலயே தப்பா, நடுவுல தப்பா போச்சான்னு என்னால இன்னும் முடிவு பண்ண முடியல. சிங்கள ராணுவம் வடமராட்சில அடிச்சப்ப இந்தியா கை கட்டி நிக்கணுமான்னு நாமளே ஊர்வலம் போனோம், நானும் போனேன். அடிபடற ஜனங்களுக்காக போறதுக்கும், அந்த ஜனங்களுக்கும் அவங்களோட சண்டை போடறவங்களுக்கும் நடுவுல நான்தான் நாட்டாமைன்னு போய் நிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு இப்ப தோணுது. 71ல அந்த ஜனங்க ஓட்டு போட்டு என்ன வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. 87ல யாழ்ப்பாணத்து ஜனங்கள யாரும் கேக்கல, டெல்லியும் கேக்கல, கொழும்பும் கேக்கல, ஆயுதம் வச்சிருந்தவங்களும் கேக்கல.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் டிசம்பர் 16 வந்தா பாகிஸ்தான் தளபதி நியாஸி குனிஞ்சு கையெழுத்து போடற அந்தப் போட்டோவத்தான் போடறீங்க, பக்கத்துல நம்ம தளபதி அரோரா உக்காந்திருப்பாரு. நல்ல போட்டோதான், நானும் கட் பண்ணி வச்சிருக்கேன். இந்த வருஷம் அதோட சால்ட் லேக் குழாய்க்குள்ள ஒரு குடும்பம் அடுப்பு மூட்டற போட்டோவையும், 18ஆம் தேதி ஸ்டேடியம் போட்டோவையும் பக்கத்து பக்கத்துல போடுங்க. மூணையும் பாத்துட்டு கட்டுரையாளர் ஒரு தடவ எழுதட்டும், புதன்கெழம கடிதக்காரங்களும் எழுதட்டும். லெட்டர் ரொம்ப நீளமா போச்சு, வெட்டணும்னா என் வீட்டுக் கதைய வெட்டிக்குங்க, அந்த 25 நாள மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு வாசகன் ஒருத்தன்,
வேலூர் மாவட்டம்